ஞானாம்பாளின் சாய நோட்டு

என் அம்மா ஞானாம்பாள் ஜூன் ஒன்பதாம் தேதி காலை பத்தேகாலுக்கு, கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது விழுந்தார். மூளையில் ரத்தக்கசிவு. பல்லடம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. வயது அறுபத்தொன்று. அவர் விரல்களுக்குள் இருந்த துணி கிளிப்பை எடுக்க நர்ஸ் சிரமப்பட்டார்.

சாமளாபுரத்தில் பதினெட்டு ஆண்டுகள் பெண் குழந்தைகளுக்கான இல்லம் ஒன்றை அவர் நடத்தினார். இறந்த அன்று அங்கே இருபத்து மூன்று பேர் இருந்தார்கள். மூத்தவளுக்குப் பதினேழு வயது. இளையவளுக்கு ஏழு. பாதிப் பேர் தறிப்பட்டறைகளிலிருந்தும் பனியன் கம்பெனிகளிலிருந்தும் மீட்கப்பட்டவர்கள். மீதிப் பேருக்கு யாரும் இல்லை.

இரங்கல் செய்தியில் அவரை ‘அன்பே உருவானவர்’ என்று போட்டிருந்தார்கள். தவறு. அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். அம்மா சண்டைக்காரி. அவருடைய வேலைகளில் பாதி, யாரோ ஒருவரிடம் முடியாது என்று சொன்னதிலிருந்து தொடங்கியவை.

முதல் ‘முடியாது’, அவர் பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தபோது. வெளிநாட்டுக்காரர்கள் கம்பெனியைப் பார்வையிட வந்த நாள். பிசிர் வெட்டும் சிறுமிகளைப் பின்பக்கக் குடோனில் அடைத்து, கதவுக்கு முன்னால் அட்டைப்பெட்டிகளை அடுக்கச் சொன்னார்கள். அம்மா அடுக்கினார். பார்வையிட்டவர்களோடு வந்த அதிகாரி போகும்போது வேறெதுவும் இருக்கிறதா என்று சம்பிரதாயமாகக் கேட்டார். அம்மா, “அந்தப் பொட்டிகளை எடுத்துப்போட்டுப் பாருங்க” என்றார். அன்றோடு வேலை போயிற்று. குடோனிலிருந்து ஏழு பேர் வெளியே வந்தார்கள். நான்கு பேருக்குப் போக இடமில்லை. என் அப்பா இறந்துபோகும்போது விட்டுப்போனது எட்டுத் தறி ஓடிய ஒரு கட்டடம். அம்மா தறிகளை விற்றுவிட்டு அந்தக் கட்டடத்தில் நான்கு பேரையும் வைத்தார். ஐந்தாவதாக நான். எனக்குப் பன்னிரண்டு வயது.

தன்னை அம்மா என்று கூப்பிட அவர் யாரையும் விடவில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே ஒருத்தி அம்மாவாக இருந்திருக்கிறாள், அந்த இடத்தில் நான் போய் உட்கார முடியாது என்பார். எல்லோருக்கும் அவர் அக்கா. நான் மட்டும் அம்மா என்பேன். அதைத் தவிர எனக்குத் தனிச் சலுகை எதுவும் இருந்ததில்லை. தட்டும் பாயும் எல்லோருக்கும் ஒன்றே. தலைமுடியில் பேன் பார்க்கும் முறையில் என் பெயர் அகர வரிசைப்படி ஆறாவதாக வரும்.

திருப்பூரில் ஓர் இல்லத்துக்கு உணவு கிடைக்காமல் போகலாம். டி-ஷர்ட் கிடைக்காமல் போகாது. ஆர்டர் கேன்சல் ஆனால், அளவு தவறினால், பிரிண்ட் ஒரு நூல் விலகினால் மொத்தப் பெட்டியும் நன்கொடையாக வந்துவிடும். எல்லாம் ஒரே நிறம், ஒரே டிசைன். எங்கள் பகுதியில் நான்கு பிள்ளைகள் ஒரே மாதிரி டி-ஷர்ட் போட்டுக்கொண்டு சாலையில் நடந்தால், கடைக்காரருக்கும் கண்டக்டருக்கும் அவர்கள் யார் என்று தெரியும். ஹோம் பிள்ளைகள்.

அம்மா அதை முதல் மாதத்திலேயே பார்த்துவிட்டார். “சட்டையப் பாத்து ஒருத்தன் எம்புள்ளைகளக் கண்டுபுடிக்கக் கூடாது” என்றார். இரண்டாவது ‘முடியாது’. வந்த வெள்ளை டி-ஷர்ட்டுகளை வாசலில் அடுப்பு மூட்டி, ஆளுக்கு ஒரு நிறமாகச் சாயம் போட்டார். சாயத்தூள் தெரிந்தவர்களின் சாயப்பட்டறையில் மிஞ்சியது. உப்புப் போட வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். போட்டார். நிறம் அருமையாக ஏறியது. பிள்ளைகள் துள்ளினார்கள்.

எனக்குப் பதினான்கு வயதானபோது, குழந்தைகள் தினத்தன்று பள்ளியில் கலர் டிரஸ் போட்டுவரச் சொன்னார்கள். நாங்கள் பதினோரு பேர், பதினோரு நிறத்தில் போனோம். நான் ஊதா. பிரேயர் நடந்துகொண்டிருக்கும்போது நவம்பர் மழை பிடித்துக்கொண்டது.

சாயம் நின்றிருக்கவில்லை. சலவைச் சோடா போடாமல் வெறும் உப்பில் ஏற்றிய சாயம் பருத்தியைப் பிடிக்காது, அதன்மேல் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். அன்று அது இறங்கியது. கழுத்து, கை, முழங்கால், வெள்ளை சாக்ஸ் எல்லாம். பள்ளிக்கூடம் முழுவதும் எங்களைப் பார்த்துச் சிரித்தது. யார் கண்ணிலும் தனியாகத் தெரியக் கூடாது என்று போட்ட சாயம், எங்கள் பதினோரு பேரையும் தனித்தனியாகக் கோடு போட்டுக் காட்டிக்கொடுத்தது.

என் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள், “நீயும் ஹோமா?”

“இல்ல. நான் ஹோம் புள்ள இல்ல” என்றேன்.

எனக்குப் பக்கத்தில் பிரிசில்லா நின்றுகொண்டிருந்தாள். ஒன்பது வயது. தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளை. நூற்பாலை விடுதியில் மீட்கப்பட்டு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. கழுத்திலிருந்து வயிறு வரை பச்சையாக இருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்து தன் கையைத் தேய்க்க ஆரம்பித்தாள். அவள் கழுத்தில் பச்சை போகப் பத்து நாள் ஆயிற்று. அதைப் பற்றி அவளும் நானும் ஒருபோதும் பேசவில்லை.

அம்மா மறுநாளே சாயப்பட்டறைக்குப் போய் மாஸ்டரிடம் கேட்டு, தவறு எங்கே என்று தெரிந்துகொண்டு வந்தார். சோடா அரித்துவிடும் என்று அலுமினிய அண்டாவை ஒதுக்கிவிட்டு எவர்சில்வர் அண்டா வாங்கினார். ஒரு நோட்டுப் போட்டார். பக்கத்துக்கு ஒரு பிள்ளை. பெயர், வந்த தேதி, அவள் தேர்ந்தெடுத்த நிறம், எத்தனை கிராம் எந்தத் தூள், எத்தனை நிமிடம். கீழே, சாயம் போட்ட துணியில் ஒரு துண்டு வெட்டி ஒட்டியிருக்கும். புதிதாக ஒரு பிள்ளை வந்தால் அம்மா முதலில் பெயர் கேட்கமாட்டார், ஊர் கேட்கமாட்டார். அதையெல்லாம் கேட்டுக் கேட்டுத்தான் அவளை நான்கு அலுவலகம் சுற்றவிட்டிருப்பார்கள். அம்மா கேட்பது, “உனக்கு என்ன கலர் வேணும் கண்ணு?”

பிள்ளைகள் நிறத்துக்குப் பெயர் சொல்லமாட்டார்கள். பொருளைச் சொல்வார்கள். தண்ணி லாரி நீலம். ரேஷன் கடைப் பருப்பு மஞ்சள். ஒருத்தி, எங்கம்மா செத்த அன்னிக்குக் கட்டியிருந்த சேலை என்றாள். அந்தச் சேலை எப்படி இருக்கும் என்று அவளுக்கு நினைவில்லை. அம்மா ஒன்பது முறை போட்டுக் காட்டினார். ஒன்பதாவதைப் பார்த்து அவள் தலையாட்டினாள். அதுதானா என்று யாருக்குத் தெரியும். நோட்டில் ஒன்பது துண்டுகளும் இருக்கின்றன.

அன்று சாயம் ஏன் ஓடியது என்பதை முழுதாகத் தெரிந்துகொள்ள நான் நான்கு வருடம் ஜவுளி வேதியியல் படித்தேன். இப்போது ஒரு சாய ஆலையில் லேப் பொறுப்பாளர். வாடிக்கையாளர் அனுப்பும் துண்டுத் துணியின் நிறத்தை அப்படியே கொண்டுவருவது என் வேலை. நிறத்தை அளக்கக் கருவி இருக்கிறது, எண் சொல்லும். அம்மாவிடம் கருவி இல்லை. பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார்.

அம்மா இறந்த ஐந்தாம் நாள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. முப்பது நாளுக்குள் சமூகப்பணி படித்த கண்காணிப்பாளர் ஒருவரும் அறக்கட்டளைக்குப் பொறுப்பான ஒருவரும் இருக்க வேண்டும். தவறினால் பிள்ளைகள் வேறு இல்லங்களுக்கு மாற்றப்படுவார்கள். பட்டியலும் இணைத்திருந்தார்கள். இருபத்து மூன்று பேர், ஆறு ஊர். அக்கா ஓர் ஊர், தங்கை ஓர் ஊர் என்று மூன்று ஜோடிகள். அலுவலரைக் குறை சொல்லமாட்டேன். விஜயகுமாரி என்று பெயர். அவர் சட்டப்படி செய்தார். பொறுப்பை நான் எடுத்துக்கொள்ளலாம். கண்காணிப்பாளராக முடியாது. என் படிப்பு துணிக்கு உரியது.

சமையல்காரர் ராக்கம்மாள் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, படிக்கத் தெரியாமலே மேலும் கீழும் பார்த்தார். பிறகு உள்ளே போய் வழக்கத்தைவிட அதிகமாக அரிசி ஊறப்போட்டார்.

பத்தாம் நாள் தீனதயாளன் வந்தார். ஏற்றுமதியாளர். பதினைந்து ஆண்டுகளாக எங்களுக்கு வெள்ளை டி-ஷர்ட் அனுப்பியவர். கெட்டவர் இல்லை. அம்மா படத்துக்கு முன்னால் உண்மையாகவே அழுதார். பிறகு உட்கார்ந்து சொன்னார். அறக்கட்டளைப் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொள்வதாக. தன் கம்பெனியில் சமூகப்பணி படித்த பெண் இருப்பதாக, அவளைக் கண்காணிப்பாளராகப் போடுவதாக. “அம்மிணி, நீங்க ஒண்ணும் பதறாதீங்க. உங்கம்மா கட்டுனதச் செதற உடமாட்டனுங்க.” ஜூலை முதல் ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நினைவேந்தல் கூட்டம். அலுவலரையும் அழைத்திருந்தார். மேடையிலேயே அறிவித்துவிடலாம்.

கூடவே ஓர் அட்டைப்பெட்டி கொண்டுவந்திருந்தார். திறந்தேன். கருநீல டி-ஷர்ட், இருபத்து மூன்று. நூற்றெண்பது ஜி.எஸ்.எம். ஜெர்சி, நல்ல துணி. முன்பக்கம் அம்மாவின் முகம். பின்பக்கம் கம்பெனியின் பெயர், அதன் கீழே இல்லத்தின் பெயர், சின்ன எழுத்தில்.

பிரிண்டில் அம்மா சிவப்பாக இருந்தார். யாரோ கம்ப்யூட்டரில் அவர் முகத்தை இரண்டு மூன்று படி வெளுக்க வைத்திருந்தார்கள். ஜூன் வெயிலில் அண்டாவுக்கு முன்னால் நின்று நின்று கறுத்த முகம் அது. நிறத்தைச் சரியாகக் கொண்டுவருவது என் தொழில். அந்தப் பிரிண்டை என் லேபில் யாராவது நீட்டியிருந்தால் அன்றே திருப்பி அனுப்பியிருப்பேன்.

கூட்டத்துக்குப் பிள்ளைகள் இந்தச் சட்டை இல்லாமல் வரக் கூடாதா என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. “ஏனுங்க, இருபத்து மூணு புள்ளைக ஒண்ணா இருக்கறது பெருசுங்ளா, சட்டக் கலரு பெருசுங்ளா? நீங்க படிச்சவீங்க. நீங்களே சொல்லுங்க.”

நியாயமான கேள்வி. பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டேன். இதை மறைக்கப்போவதில்லை. ஒன்பது நாள் அந்தப் பெட்டி எங்கள் அலமாரியில் இருந்தது. போட்டுக்கொண்டு போய்விடலாம் என்றுதான் இருந்தேன். ஒரு நாள்தானே என்று ராக்கம்மாளிடம் சொன்னேன். அவர், “உங்கம்மா ஒரு நாளுக்குன்னு எதையும் ஒத்துக்கிட்டதில்லீங்க” என்றார். சொல்லிவிட்டு வெங்காயம் உரித்தார்.

என்னை மாற்றியது சுமித்ரா. ஒடிசாவிலிருந்து பின்னலாடை வேலைக்கு வந்த தாயும் தகப்பனும் சாலை விபத்தில் போய்விட்டார்கள். அம்மா இறப்பதற்கு மூன்று வாரத்துக்கு முன்புதான் வந்தாள். ஏழு வயது. தமிழ் பாதி, கைச்சாடை பாதி. கூட்டத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது சாய நோட்டை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். தன் பக்கத்தைத் திறந்து காட்டினாள். அம்மாவின் கையெழுத்தில் பெயர் இருந்தது, தேதி இருந்தது. நிறம்: ‘வாழைப்பூ. வெளிமடல். உள்பக்கம் அல்ல.’ துண்டு ஒட்டும் இடம் காலி.

“மோ கலர் கெபே?” என்று ஒடியாவில் கேட்டாள். உடனே தமிழில் திருப்பிக் கேட்டாள். “என் கலர் எப்ப?”

அவள் கேட்டது அவ்வளவுதான். தீனதயாளனின் கேள்விக்குப் பதில் அங்கே இருந்தது. ஒன்றாக இருப்பது எதற்காக என்பதுதான் அந்தப் பதில். எல்லோரும் ஒரே சட்டையில் அடுக்கி வைக்கப்படுவதற்கு என்றால், இங்கே ஒன்றாக இருப்பதும் ஆறு ஊரில் சிதறுவதும் ஒன்றுதான். அட்டைப்பெட்டிகளை அடுக்கச் சொன்னபோது அம்மா அடுக்கினார். பிறகு எடுக்கச் சொன்னார். நான் இன்னும் எடுக்காமல் இருந்தேன்.

பிரிசில்லாவுக்குப் போன் செய்தேன். அவள் சமூகப்பணி முதுகலை முடித்து, கோவையில் ஒரு நிறுவனத்தில் தொழிலாளர் நல அலுவலராக இரண்டு வருடமாக இருக்கிறாள். அம்மாவின் காரியத்துக்கு வந்தாள், மூன்று நாள் இருந்தாள், பாத்திரம் கழுவினாள், போய்விட்டாள். அவளிடம் கேட்பதை நான் இத்தனை நாள் தள்ளிப்போட்டதற்குக் காரணம் அவளுக்கும் தெரியும்.

நிலைமையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

பிறகு, “அன்னைக்கு மழையில நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சுக்கா” என்றாள்.

“தெரியும்.”

“பதினாறு வருசமா நீங்களே சொல்லுவியன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்.”

“தப்புத்தான் கண்ணு. அப்பவே தப்புன்னு தெரியும்.”

“தெரிஞ்சிக்கிட்டேவா இருந்திய? நல்லாருக்கு.” அதோடு பேச்சை மாற்றினாள். “அந்தச் சட்டைய என்ன பண்ணப் போறிய?”

“திருப்பிக் குடுத்தர்றேன்.”

“மொத அதச் செய்யுங்க. பொறவு நான் வாரேன். உங்களுக்காக இல்ல, பாத்துக்கிடுங்க.”

சனிக்கிழமை பெட்டியை நானே தீனதயாளனின் அலுவலகத்துக்குக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தேன். அவர் மறுபடியும் இருபத்து மூன்று வாழ்க்கை என்று ஆரம்பித்தார். நான் குறுக்கிட்டு, உங்களுக்கு நன்றி, வெள்ளைச் சட்டைகளுக்கும் நன்றி, இதைப் போட முடியாது என்றேன். அம்மா சொல்லியிருந்தால் இன்னும் சுருக்கமாக இருந்திருக்கும். அலுவலர் ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். மறுபடியும் விண்ணப்பிப்பேன், அதற்கும் மேலே எழுதுவேன், அவர்கள் போகிற ஆறு ஊருக்கும் மாறி மாறிப் பஸ் ஏறுவேன் என்றேன். அவர் பெட்டியைப் பார்த்துக்கொண்டே, “அப்படியே உங்கம்மாதானுங்க” என்றார். அதை அவர் பாராட்டாகச் சொல்லவில்லை. நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

அதற்குள் வாழைப்பூவுக்கு நான்கு முறை முயன்றிருந்தேன். லேபில் கருவி சொன்ன எண்ணுக்கு மிகச் சரியாக வந்த துணியைச் சுமித்ரா பார்த்து, இது இல்லை என்றாள். ராக்கம்மாள் பொரியலுக்கு வைத்திருந்த பூவின் வெளிமடலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். மடலின் மேல் சாம்பல் பூத்திருந்தது. கருவி அதைப் படித்திருக்கவில்லை. சனிக்கிழமை மாலை வாசலில் அடுப்பு மூட்டி, அம்மாவின் அண்டாவில், சிவப்பையும் நீலத்தையும் குறைத்து, கண்ணுக்கும் தெரியாத அளவு கறுப்புச் சேர்த்துப் போட்டேன். அறுபது டிகிரி. சலவைச் சோடாவை மறக்கவில்லை. துணியை வெளியே எடுத்ததும் அவள் முகத்தைப் பார்த்தேன். என்னிடமிருந்து ஈரத்தோடு பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. அம்மாவோடு வேலை பார்த்தவர்கள், இல்லத்திலிருந்து போய்க் கல்யாணம் கட்டிப் பிள்ளை பெற்றவர்கள், தறிக்காரர்கள், எல்லோரும் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். மேடைக்கு முன்வரிசையில் இருபத்து மூன்று நாற்காலிகள் காலியாக இருந்தன. எங்கள் பிள்ளைகள் அவரவர் நிறத்தில் வந்து, யார் பக்கத்தில் பிடித்ததோ அங்கே உட்கார்ந்தார்கள். நான் ஊதாவில் ஒரு குர்தா போட்டிருந்தேன். நோட்டில் என் பக்கம் ஐந்தாவது.

தீனதயாளன் மேடையில் அம்மாவைப் பற்றி நன்றாகப் பேசினார். எந்த அறிவிப்பும் செய்யவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னைக் கடந்து போனார். போகட்டும்.

அலுவலர் விஜயகுமாரி என்னிடம் வந்தார். கையில் பெயர்ப்பட்டியல். இருபத்து மூன்று பேரையும் நேரில் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும் என்றார். மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். ஓடுகிற, சாப்பிடுகிற, சண்டை போடுகிற ஐம்பது அறுபது பிள்ளைகள். மறுபடியும் பட்டியலைப் பார்த்தார்.

“இதுல உங்க புள்ளைங்க யாரும்மா? ஒருத்தரையும் கண்டுபிடிக்க முடியலையே.”

“அதுக்குத்தானுங்க எங்கம்மா பதினெட்டு வருசம் அடுப்பு மூட்டினாங்க” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. பிரிசில்லா தன் சான்றிதழ்களையும் வேலையை விட்டுவிட்ட கடிதத்தையும், அறக்கட்டளைப் பொறுப்பை நான் ஏற்கும் கடிதத்தையும் வைத்த கோப்பை அவரிடம் நீட்டினாள். பிறகு சாய நோட்டைத் திறந்து, பக்கம் பக்கமாக, ஒட்டியிருந்த துண்டைக் காட்டி ஒவ்வொரு பிள்ளையாகக் கூட்டத்தில் கை நீட்டிச் சொன்னாள். விஜயகுமாரி நோட்டையும் மண்டபத்தையும் மாறி மாறிப் பார்த்துக் குறித்தார். கடைசிப் பக்கத்தில் துண்டின் பசை இன்னும் காயவில்லை. அவர் விரலில் ஒட்டிக்கொண்டது.

கோப்பை அவர் வாங்கிக்கொண்டார். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. ஓராண்டுக்குத் தற்காலிக ஒப்புதல். ஆறு ஊர்ப் பட்டியல் ரத்து. ஓராண்டு கழித்து மறுபடியும் கேட்பார்கள். கேட்கட்டும். நாங்கள் இங்கேதான் இருப்போம்.

நினைவேந்தல் அன்று பந்தியில் என் இலைக்குச் சாதம் வைத்த பெண் மண்டபத்து ஆள். எங்களைத் தெரியாதவர். என் வயதையும் என் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்த சிறுமிகளையும் பார்த்தார்.

“நீயும் அந்த ஹோம் புள்ளயா கண்ணு?”

“ஆமாங்க” என்றேன்.

எதிர்ப்பந்தியில் பிரிசில்லா அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு தன் கழுத்தைத் தொட்டு, விரலை வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்து, “பச்ச போயிட்டு” என்றாள்.